ஓடினால் மட்டும் கோணுகிற கால்: பழுது எங்கே என்று தேடும் வழி

நடந்தால் ஒன்றும் இல்லை. மாடிப்படி ஏறினால் ஒன்றும் இல்லை. ஓடத் தொடங்கி முக்கால் கிலோமீட்டர் தாண்டியதும் இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, சுண்டுவிரல் ஓரத்தில் தரையிறங்கும். வலி கிடையாது. மண்டபத்திலிருந்து பாம்பன் சாலைப் பாலத்தின் உச்சிவரை ஓடித் திரும்புவது என் காலை வழக்கம். அங்கேதான் இது ஆரம்பித்தது. கச்சான் காற்று ஆளைத் தள்ளுகிற மாதம் என்பதால் காற்றின் வேலை என்று விட்டுவிட்டேன். காற்று ஓய்ந்த மாதத்திலும் பாதம் திரும்பியது.

அப்புறம் இரண்டு வருடம் வீண். மூன்று ஜோடி ஷூ, ஒரு சுளுக்கு வழிப்பவர், கடைசியில் கணுக்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்துக் கொடுத்த ஒரு மருத்துவமனை. அந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு, தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். நான் ஓடுகிற வீடியோவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "வராண்டாவுல பின்பக்கமா ஓடிக் காட்டுங்க சார்" என்றார். ஓடினேன். பாதம் பலகை வைத்த மாதிரி நேராக இறங்கியது. "டிஸ்டோனியா" என்றார். மூளையின் உத்தரவு பிசகி, சதை தானாக இழுத்து முறுக்கிக்கொள்கிற கோளாறு.

நான் மருத்துவர் இல்லை. பள்ளியில் பி.டி. வாத்தியார், காவலர் தேர்வுக்கும் அக்னிவீருக்கும் பையன்களை ஓடவிடுகிறவன். என் காலிலும் என் பையன்கள் காலிலும் பார்த்ததையும், அதற்காகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். மருந்தை நீங்களாக எடுப்பதற்கு இது வழிகாட்டி இல்லை. எந்த வாசலில் போய் நிற்பது, அங்கே எதைக் காட்டுவது என்பதற்கு உதவும்.

முதல் சோதனை: வேலையை மாற்றிப் பாருங்கள்

உடைந்த துடுப்பு, வள்ளம் முன்னால் போனாலும் உடைந்ததுதான், பின்னால் வந்தாலும் உடைந்ததுதான். எலும்போ ஜவ்வோ கெட்ட காலும் அப்படித்தான். பெரும்பாலும் எல்லா வேலையிலும் தன் கோளாறைக் காட்டும். ஒரே ஒரு வேலையில் கோணுகிற பாதம், அதே சதையையும் அதே மூட்டையும் வைத்துக்கொண்டு வேறு வேலையை ஒழுங்காகச் செய்கிறதென்றால், சந்தேகம் காலைவிட்டு, காலுக்கு உத்தரவு போடுகிற மூளைப் பக்கம் திரும்ப வேண்டும்.

அதனால் ஷூ வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். கோணல் வரும்வரை ஓடுங்கள். வந்ததும் நிற்காமல் திரும்பிப் பின்பக்கமாக ஐம்பது மீட்டர் ஓடுங்கள் (பின்னால் ஒரு ஆள் நிற்கட்டும்). பக்கவாட்டில் ஓடுங்கள். படி ஏறுங்கள். சைக்கிள் இருந்தால் மிதியுங்கள். இதிலெல்லாம் பாதம் நேராகிவிட்டால், அந்த ஒரு தகவலே பாதி நோயறிதல்.

எங்கள் கரையில் இன்னொரு கருவியும் இருக்கிறது. காலையில் ஆறு மணிக்கு வடகடல் ஓரத்து ஈரமணல் சிமெண்ட் பூசின தரை மாதிரி இருக்கும். வெறுங்காலோடு ஓடிவிட்டு, வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஆரம்பத்தில் இரண்டு பாதத்துக்கும் ஐந்து விரலும் பதிந்திருந்தன. ஒரு கிலோமீட்டர் தாண்டிய இடத்தில் வலது தடம் அப்படியே இருக்கிறது. இடது தடத்தில் பெருவிரலைக் காணோம். வெளி ஓரம் மட்டும் பிறை மாதிரி ஆழமாக வெட்டியிருந்தது, சுண்டுவிரல் பக்கம் மணல் ஒதுங்கிச் சின்ன வரப்பு கட்டியிருந்தது. நடந்து திரும்பிய தடத்தில் பெருவிரல் மறுபடியும் வந்துவிட்டது. இதைப் போனில் படம் எடுத்து வைத்தேன். என் எம்.ஆர்.ஐ. படத்தைவிட இதைத்தான் மருத்துவர் அதிக நேரம் பார்த்தார். ஆனால் மணலை மட்டும் நம்பாதீர்கள். தரை மாறினால் பாதத்துக்குக் கிடைக்கிற தொடு உணர்ச்சி மாறும். அதிலேயே சிலருக்குக் கோணல் குறைந்துவிடும். உலர்மணலில் எனக்கும் பாதியாகக் குறைந்தது. தார்ச்சாலையிலும் ஒரு முறை ஓடிப் பாருங்கள்.

"ஒரே பாதம் உள்ளே திரும்புது, விரல் மடங்குது, வலி இல்லை"

ஓட்டக்காரர்களின் டிஸ்டோனியா பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சிலருக்குப் பாதம் திரும்பாமல் முழங்கால் தேவைக்கு மேல் மடங்கும், சிலருக்குக் கால் வெளியே வீசும். "என் கால் நான் சொல்றதைக் கேக்கல" என்று அவரவர் பாஷையில் சொல்வார்கள். பல வருடம் நீண்ட தூரம் ஓடியவர்களுக்கு, பெரும்பாலும் நடுவயதில் வருகிறது. அரிதான நோய். அதனாலேயே முழங்காலுக்கும் முதுகுக்கும் வைத்தியம் பார்த்து வருடங்கள் ஓடிவிடுகின்றன.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு சதை இழுக்கும்போது அதன் எதிர்ச் சதை தளர வேண்டும். அந்த இழு, தளர் கணக்கைப் பார்ப்பதில் மூளையின் அடியிலிருக்கிற முடிச்சுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே 'தளர்' என்கிற உத்தரவு குறைந்துபோனால் இரண்டு சதையும் சேர்ந்து இழுக்கும், பாதம் முறுக்கிக்கொள்ளும். லட்சக்கணக்கான தடவை ஒரே மாதிரி செய்து பழகிய வேலைதான் இப்படிப் பழுதாகிறது. எழுதும்போது மட்டும் இழுத்துக்கொள்கிற கை, ஊதும்போது மட்டும் கோணுகிற உதடு எல்லாம் இதன் உறவுக்காரர்கள். லியோன் ஃப்ளெய்ஷர் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞருக்கு 1960களில் வலது கை இப்படித்தான் போனது.

பார்க்க வேண்டிய இன்னொரு அடையாளம், தொட்டால் குறைகிறதா என்பது. ஓடும்போது இடது கையைத் தொடையில் லேசாக வைத்தால் எனக்குப் பத்துப் பதினைந்து அடிக்குப் பாதம் நேராகும். அழுத்த வேண்டியதில்லை, பட்டாலே போதும். இதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னால் மனப்பிரமை என்பார்களே என்று. உண்மையில் டிஸ்டோனியாவைச் சந்தேகிக்க வைக்கிற நல்ல தடயம் இது, மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஹெர்மன் ஓப்பன்ஹைம் என்ற ஜெர்மானியர் 1911இல் டிஸ்டோனியா என்று பெயர் வைத்த பிறகும், இதை மனக்கோளாறு என்று பல காலம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'நடிக்கிறான்' என்று சொல்கிற சொந்தக்காரர்கள் இன்றைக்கும் குறையவில்லை.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடலைப் பார்த்தபடி கயிற்றில் சாய்ந்து, குதிகாலை மணலில் ஊன்றி, அடி அடியாகப் பின்னால் போவார்கள். நோயின் பெயர் தெரிந்த பிறகு ஒரு நாள் நானும் கயிறு பிடித்தேன். அரை மணி நேரம் பின்நடை. பாதம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பக்கத்தில் இழுத்த பெரியவர், "வாத்தியாரே, கால் வரலைன்னீக, பின்னால நல்லாத்தானே போறீக" என்றார். ஜவ்வு ஆபரேஷனுக்கு நாள் குறித்த இடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை.

"விசில் ஊதினதும் கை கால் முறுக்குது, அரை நிமிஷத்துல சரியாயிடுது"

காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வந்த கீழக்கரைப் பையன் ஒருவன் ஓட ஆரம்பித்தால் ஆறு நிமிடத்துக்குள் முடிப்பான். ஆரம்பிப்பதுதான் சிக்கல். விசில் ஊதியதும் வலது காலும் கையும் முறுக்கிக்கொள்ளும், வாய் ஒரு பக்கம் கோணும். நினைவு தப்பாது. இருபது எண்ணுவதற்குள் எல்லாம் சரியாகிவிடும், மற்றவர்கள் முதல் வளைவைத் தாண்டியிருப்பார்கள். அவனுடைய அண்ணன் எல்லார் முன்னாலும் திட்டினார். "காக்கா, நான் வேணும்னு செய்யல" என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்).

உட்கார்ந்தோ நின்றோ இருந்துவிட்டுத் திடீரென்று அசையும்போது வந்து, ஒரு நிமிடத்துக்குள் போய்விடுகிற இந்த முறுக்கலும் டிஸ்டோனியா வகையில் சேர்ந்ததுதான், ஆனால் என்னுடையதிலிருந்து வேறு. சிறு வயதிலோ விடலைப் பருவத்திலோ ஆரம்பிக்கும், ஒரு நாளில் பல முறை வரலாம். பிஆர்ஆர்டி2 என்கிற மரபணுவில் மாற்றம் உள்ளவர்கள் இவர்களில் அதிகம். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று விசாரியுங்கள். நல்ல சேதி என்னவென்றால், வலிப்புக்குத் தருகிற கார்பமசெபின் மாத்திரை குறைந்த அளவிலேயே பெரும்பாலானவர்களுக்குக் கேட்கும். மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். ஆரம்பித்த வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே அவரைப் பார்க்க வேண்டும். அந்தப் பையனுக்கு மாத்திரை கேட்டது. அண்ணன் பிறகு என்னிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அவனிடமே சொல்லச் சொன்னேன்.

"பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஓடினப்புறம் வருது, நின்னாலும் உடனே போகல"

மேலே சொன்னதுக்கு நேர் எதிர். ஆரம்பத்தில் ஒன்றுமில்லை, உழைப்பு நீண்டால் வரும். ஒரு காலிலோ இரண்டிலுமோ முறுக்கல். நின்ற பிறகு சில நிமிடம் முதல் அரை மணி வரை இருந்துவிட்டுப் போகும். இதற்கு ஒரு காரணம் ரத்தத்தில் உள்ள சர்க்கரை மூளைக்குள் போகிற கதவு குறுகலாக இருப்பது. அதனால் ஒன்றைக் கவனியுங்கள்: வெறும் வயிற்றோடு ஓடும்போது அதிகமாக வருகிறதா, சாப்பிட்டுவிட்டு ஓடினால் குறைகிறதா? இதை நாள் நாளாக எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்குப் பெரிய உதவி. கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு முறை இதற்கு வைத்தியமாகவே இருக்கிறது. ஆனால் அதை மருத்துவரும் உணவு நிபுணரும் சேர்ந்து நடத்த வேண்டும், யூடியூப் பார்த்து ஆரம்பிக்கிற விஷயம் இல்லை.

"காலையில் தங்கமா இருக்கு, சாயங்காலம் இழுக்குது"

முக்கியமாகப் பிள்ளைகளிடம் கவனியுங்கள். காலை அசெம்பிளியில் ஒழுங்காக ஓடுகிற பெண், மாலை விளையாட்டுப் பீரியடில் நுனிக்காலில் நடக்கிறாள், பாதம் உள்ளே திரும்புகிறது, மதியம் தூங்கி எழுந்தால் சரியாகிறது. இது லெவோடோபா மருந்துக்குக் கேட்கிற டிஸ்டோனியாவாக இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் செகாவா 1970களில் விவரித்தது. சிறிய அளவு லெவோடோபாவில் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாகிவிடும், பல வருடம் எடுத்தாலும் பலன் குறையாது. இவ்வளவு எளிதில் சரியாகிற ஒன்றை மூளை வாதம் என்று எழுதி மூலையில் உட்கார வைத்துவிடுவதும் நடக்கிறது. 'நாள் போகப் போக மோசம்' என்பதையும் 'மாலையானால் மோசம்' என்பதையும் பெற்றோர் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி காதில் விழும், இரண்டும் வேறு.

"பாதம் தொங்குது, விரல் மணல்ல தட்டுது"

இது முறுக்கல் இல்லை, பலவீனம். ஓடும்போது மட்டும் இல்லாமல் நடக்கும்போதும் இருக்கும், பாதம் சப்பென்று தரையில் அறையும். குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்கச் சொல்லுங்கள், முடியாது. முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும், அதைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்குகிற நரம்பு போகிறது. மணிக்கணக்கில் குத்தவைத்தோ கால்மேல் கால் போட்டோ உட்கார்ந்தால் அது நசுங்கும். நாள் முழுக்க வலை பொத்துகிற ஒருவருக்கு இது வந்து பார்த்திருக்கிறேன். உட்காரும் விதத்தை மாற்றியதில் சில வாரங்களில் மீண்டார். முதுகுத் தண்டு நரம்பு அழுந்தினாலும் இதே மாதிரி வரும் என்பதால் காட்டாமல் இருக்காதீர்கள்.

"சதை கல்லு மாதிரி இறுகி வலிக்குது"

வலி முதலில் வந்தால் டிஸ்டோனியாவைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள். திடீரென்று கெண்டைச் சதை பிடித்துக்கொண்டு, நீட்டி நீவிவிட்டால் விடுகிறதென்றால் அது சாதாரணக் குரக்களி. எங்கள் வெயிலுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறக்குறைய அதே தூரத்தில் இறுக்கம் ஆரம்பித்து, ஓட ஓட ஏறி, நின்ற சிறிது நேரத்தில் இறங்கிவிடுகிறதா? சதையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் கூடுகிற நிலையாக இருக்கலாம்; எலும்பு மருத்துவரிடம் போங்கள், அது அவர் வேலை.

"கால் இழுக்கிற பக்கத்துக் கை வீசல"

வீடியோவில் காலை மட்டும் பார்க்காதீர்கள். அதே பக்கத்துக் கை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, சட்டைப் பொத்தான் போட நேரமாகிறதா, எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா, கருவாட்டு வாசனைகூடத் தெரியவில்லையா? இளவயதில் வருகிற பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் சில சமயம் ஓடும்போது கோணுகிற பாதத்தோடுதான் தலைகாட்டும். நாற்பதுக்குள் யாருக்கு டிஸ்டோனியா வந்தாலும் உடம்பில் செம்பு தங்குகிற வில்சன் நோயையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், ஒரு நாள் சிறுநீரில் செம்பின் அளவு, கண் மருத்துவரிடம் ஒரு விளக்குப் பரிசோதனை. மருந்தால் கட்டுப்படுகிற நோய், தவறவிட்டால் கல்லீரலும் மூளையும் போகும்.

இன்னும் இரண்டு சின்னக் கேள்விகள். வாந்தி நிற்க ஊசி போட்டோ மாத்திரை எடுத்தோ ஓரிரு நாளில் முறுக்கல் வந்ததா? மருந்தின் வேலையாக இருக்கலாம், சீட்டை எடுத்துக்கொண்டு உடனே போங்கள். கால் திடீரென்று விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறுகிறதா? மேலே எழுதிய எதையும் சோதித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மருத்துவரிடம் என்ன கொண்டுபோவது

பரிசோதனை அறையில் படுக்க வைத்துப் பார்த்தால் டிஸ்டோனியாக் கால் நல்ல கால். பலம் சரி, உணர்ச்சி சரி, எம்.ஆர்.ஐ. சரி. 'ஒன்றுமில்லை' என்று என்னை மூன்று இடத்தில் அனுப்பியது இதனால்தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பத்தடி அறைக்குள் முக்கால் கிலோமீட்டர் எப்படி ஓடிக் காட்டுவது?

ஆகவே வீடியோதான் உங்கள் சாட்சி. அரைக்கால் டவுசர் போட்டு, முழங்கால் தெரிய, முன், பின், பக்கம் என்று மூன்று கோணம். ஓட்டத்தின் முதல் நிமிடம் ஒன்று, கோணல் வந்த பிறகு ஒன்று, உடனே பின்பக்க ஓட்டம், நடை, தொடையைத் தொட்டுக்கொண்டு ஓடுவது. போனில் ஸ்லோ மோஷன் இருந்தால் போடுங்கள். தேய்ந்த ஷூவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என் இடது ஷூவின் வெளி ஓரம் துணிவரை தேய்ந்திருந்தது, உள் ஓரத்தில் கம்பெனி வரி அப்படியே இருந்தது. நரம்பியல் பிரிவு என்றால் எங்களுக்குப் பக்கம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. இயக்கக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு வேண்டுமானால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இருக்கிறது.

வைத்தியம் எதுவரை

முழுக் குணம் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதலில் சில வாரம் லெவோடோபா கொடுத்துப் பார்ப்பார்கள். எனக்குப் பலன் இல்லை. டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை சிலருக்குக் கேட்கும். வாய் வறளும், பார்வை மங்கும். எங்கள் ஊர்க்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது, அது வியர்வையைக் குறைக்கும். சித்திரை வெயிலில் வியர்க்காத உடம்போடு ஓடுவது உயிருக்கே ஆபத்து. எனக்கு அது ஒத்துவராததால் நிறுத்திவிட்டார்கள்.

ஓரளவு கேட்டது போட்டாக்ஸ் ஊசி. முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அதேதான். அமெரிக்காவில் 1989இல் அதை முதலில் அனுமதித்தது மாறுகண்ணுக்கும் இமை இறுகிக்கொள்கிற நோய்க்கும். இமை இறுக்கமும் ஒரு டிஸ்டோனியாதான். நான் சொன்ன பியானோ கலைஞர் முப்பது வருடம் கழித்து இரண்டு கையாலும் வாசித்ததற்கும் இந்த ஊசி உதவியது. பாதத்தை உள்ளே இழுக்கிற சதை கெண்டைக்காலில் ஆழத்தில் இருப்பதால், சதையின் மின்துடிப்பைப் பார்க்கிற ஈ.எம்.ஜி. அல்லது அல்ட்ராசவுண்ட் உதவியோடு இடம் பார்த்துப் போட வேண்டும். ஒரு வாரம் போல் ஆகும் தெரிய; மூன்று மாதம் போல் இருக்கும். அளவு கூடினால் பாதம் பலமிழந்து தொங்கும். முதல் முறை எனக்கு அப்படித்தான், பத்து நாள் பாத்ரூம் வாசல்படியில் தட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் முறை அளவைக் குறைத்தார்கள்.

இப்போது வாரத்தில் நான்கு நாள் சைக்கிள், மிதிக்கும்போது பாதம் கோணுவதில்லை. இரண்டு நாள் வடகடல் ஓரமாக மூன்று கிலோமீட்டர் மெதுவோட்டம், நடுநடுவே பின்பக்க ஓட்டம். கடைசி ஊசி போட்டு பதினோரு வாரம் ஆகிறது. நேற்றுக் காலை தடத்தைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது கிலோமீட்டரில் இடது பெருவிரல் பாதிதான் பதிந்திருந்தது. மதுரைக்குப் போன் போட்டு அடுத்த தேதி வாங்க வேண்டும்.